வால்ப்ரோயேட்டு கணைய அழற்சி

வால்ப்ரோயேட்டு கணைய அழற்சி என்பது வலிப்பு நோய்க்குத் தரப்படும் வால்ப்ரோயிக் அமிலம், சோடியம் வால்ப்ரோயேட்டு முதலிய மருந்துகளால் கணையத்தில் ஏற்படும் அழற்சி ஆகும். இது அரிதான பக்க விளைவு எனினும், சில வேளைகளில் உயிரிழப்பில் முடியக்கூடியது. குழந்தைகள், பெரியவர்கள் ஆகிய இரு சாராருக்கும் இது ஏற்படலாம்.

வரலாறு

வால்ப்ரோயிக் அமிலம் 1882 இல் முதன்முதலாகத் தயாரிக்கப்பட்டது. நெடுங்காலம் கரைப்பானாகவே பயன்பட்ட இதன் வலிப்படக்கும் தன்மை 1960களின் தொடக்கத்தில் பிரான்சில் தற்செயலாகக் கண்டறியப்பட்டது. 1978 இல் அமெரிக்காவில் இம்மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. இதனால் கணைய அழற்சி ஏற்படுவது 1979 இல் மருத்துவ இதழ்களில் பதிவானது. 2000 இல் அமெரிக்காவில் இம்மருந்தின் கட்டமிட்ட எச்சரிக்கையில் கணைய அழற்சியும் சேர்க்கப்பட்டது.

ஏற்படும் விதம்

கணையம் சுரக்கும் செரிமான நொதிகள் வழக்கமாகச் சிறுகுடலை அடைந்த பின்னரே செயல்படத் தொடங்கும். அழற்சியின்போது இவை கணையத்தினுள்ளேயே செயல்பட்டு அதன் திசுக்களைச் சிதைக்கின்றன. வால்ப்ரோயேட்டு இதனைத் தூண்டும் விதம் முழுமையாக அறியப்படவில்லை. இவ்விளைவு மருந்தின் அளவைப் பொறுத்ததன்று. குருதியில் மருந்து உரிய அளவில் இருக்கும்போதும் ஏற்படலாம். மருந்தைத் தொடங்கிய சில நாட்களிலோ பல ஆண்டுகளுக்குப் பின்னரோ தோன்றலாம். அமெரிக்க மருந்துக் குறிப்பின்படி, மருந்தாய்வுகளில் பங்கேற்ற 2416 பேரில் வேறு காரணம் அறியப்படாத கணைய அழற்சி இருவருக்கு ஏற்பட்டது.

அறிகுறிகளும் கண்டறிதலும்

கடுமையான மேல்வயிற்று வலி, குமட்டல், வாந்தி, பசியின்மை ஆகியன முக்கிய அறிகுறிகள். வலி முதுகுக்கும் பரவலாம். குமட்டலும் வாந்தியும் இம்மருந்தின் பொதுவான, தீங்கற்ற பக்க விளைவுகளாகவும் இருப்பதால் நோய் கவனிக்கப்படாமல் போகக்கூடும். வலியைச் சொல்ல இயலாத சிறு குழந்தைகளிடமும் வளர்ச்சிக் குறைபாடு உடையவர்களிடமும் இந்த இடர் மிகுதி.

குருதியில் லிப்பேசு அல்லது அமைலேசு நொதி, இயல்பான உச்ச அளவைப்போல் மூன்று மடங்கோ அதற்கு மேலோ இருப்பது நோயைக் காட்டும் முக்கிய சான்றாகும். மீயொலி, சி. டி. வருடல் ஆகியனவும் உதவுகின்றன. அறிகுறி ஏதுமின்றி அமைலேசு சற்றே உயர்ந்திருப்பது மட்டும் கணைய அழற்சி ஆகாது.

சிகிச்சை

நோய் உறுதியானால் வால்ப்ரோயேட்டு நிறுத்தப்பட்டு, மருத்துவமனையில் சிரைவழி நீர்மமும் வலிநீக்கிகளும் தரப்படுகின்றன. மீண்டும் இதே மருந்தைக் கொடுத்தால் அழற்சி திரும்பக்கூடும் என்பதால், வேறொரு வலிப்படக்கி மருந்து தேர்ந்தெடுக்கப்படுகிறது.

நோயாளி தாமாகவே மருந்தைத் திடீரென நிறுத்துவது, இடைவிடாத தொடர் வலிப்பை உண்டாக்கி உயிருக்கு ஆபத்தாகலாம். எனவே கடும் வயிற்றுவலியோ தொடர் வாந்தியோ ஏற்பட்டால், உடனடியாக மருத்துவமனையை அணுகி, உட்கொள்ளும் வலிப்பு மருந்தின் பெயரைத் தெரிவிப்பது இன்றியமையாதது.