பழைய சாமிகளும் பழைய அடிமைகளும்

செத்துப்போன சாமி திரும்பி வருமா? ஐஸ்லாந்தில் வந்திருக்கிறது. 1972 ஏப்ரலில், அந்த நாட்டுக் கணக்கில் கோடையின் முதல் நாளன்று, பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஆசாத்ரூ சங்கத்தைத் தொடங்கினார்கள். ஓடின், தோர், ஃப்ரேயா என்று கிறித்தவம் ஓரங்கட்டிய தெய்வங்களைக் கும்பிடுகிற சங்கம். தலைவர் ஸ்வெயின்பியோர்ன் பெயின்டெயின்சன், ஆடு வளர்த்த விவசாயி, பழம்பாட்டுகளை ராகம்போட்டுச் சொல்கிற கவிஞர். லூத்தரன் பேராயர் ஒப்பவில்லை. அமைச்சரைப் பார்த்துவிட்டு இவர்கள் வெளியே வந்ததும் இடி இடித்துத் தலைநகரில் கரண்ட் போனதாக ஒரு கதையும் சொல்லுவார்கள். எப்படியோ 1973இல் அரசு ஏற்றுக்கொண்டது. கல்யாணம் செய்துவைக்கலாம், சாவுச் சடங்கு நடத்தலாம், மதங்களுக்கு அரசு பிரித்துத்தரும் பணத்தில் பங்கும் உண்டு. இன்றைக்கு உறுப்பினர்கள் ஐயாயிரத்துக்கும் மேல். நாட்டின் மொத்த சனமே நாலு லட்சத்துக்குள்தான்.

சரி, இதுல என்ன தப்பு? பறிகொடுத்ததை மீட்டெடுக்கிறார்கள், அவ்வளவுதானே என்று கேட்கலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் மீட்டெடுப்பு என்கிற சொல்லைக் கேட்டதும், யார் மீட்கிறார், எதை மீட்கிறார் என்று கேட்டுப் பழகியவர்கள் நாம்.

இதே தெய்வங்களை ஐஸ்லாந்துக்காரர்களுக்கு முன்பே எழுப்பியவர் ஒருவர் உண்டு. வியன்னாவில் தோல் வியாபாரியின் மகனாகப் பிறந்த கீடோ லிஸ்ட். மேட்டுக்குடி அடையாளமான 'ஃபொன்' என்பதைத் தானாகவே பெயருக்கு நடுவில் சேர்த்துக்கொண்டவர். கண் அறுவைக்குப் பிறகு பல மாதம் பார்வையில்லாமல் கிடந்தபோது ரூன் எழுத்துகளின் ரகசியம் தனக்குத் தெரிந்தது என்றார். 1908இல் அது புத்தகமானது. பழைய ஜெர்மானியச் சமூகத்தை ஆண்டது 'அர்மானன்' என்ற குரு-அரசர் கூட்டம் என்பது அவருடைய கற்பனை. ஆரியம் என்ற சொல்லும் கூடவே வந்தது. பின்னாளில் எஸ்.எஸ். படையின் கழுத்துப்பட்டையில் நின்ற இரட்டை மின்னல், லிஸ்ட் வரிசைப்படுத்திய எழுத்துகளில் ஒன்று.

ஐஸ்லாந்துச் சங்கம் இந்தக் கூட்டத்தோடு சேரவில்லை. ஒரே பாலினத் திருமணத்தை ஆதரித்ததற்காக வெளிநாட்டு ஓடின் பக்தர்களிடம் வசவு வாங்கியிருக்கிறார்கள். அந்த நேர்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். இனவெறிக்கு எதிராகப் பேசுகிறவர்கள்தான்.

ஆனால் பழைய ஏட்டுக்குள்ளேயே ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ரிக்ஸ்தூலா என்று ஒரு பாட்டு. ரிக் என்ற பேரில் ஒரு தெய்வம் மூன்று வீடுகளில் தங்குகிறது. முதல் வீட்டில் பிறப்பவன் திரால், அடிமை. தோல் கறுத்து, கை சுருங்கி, முதுகு வளைந்து பிறக்கிறான். எரு போடுவது, பன்றி மேய்ப்பது, வேலி கட்டுவது அவன் பிள்ளைகள் வேலை. அவர்களுக்கு வைத்த பெயர்களோ நாற்றம், கந்தல் என்கிற ரகம். இரண்டாவது வீட்டில் குடியானவன். மூன்றாவதில் வெளுத்த முடியோடு பிரபு. ரிக் திரும்பி வந்து எழுத்தைக் கற்றுக்கொடுப்பது அந்தப் பிரபுவுக்கு மட்டும்தான். எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கிறதா? வித்தியாசம் உண்டு. அங்கே அடிமையை விடுதலை செய்ய வழி இருந்தது.

922இல் வோல்கா ஆற்றங்கரையில் ரூஸ் தலைவன் ஒருவனுடைய சாவுச் சடங்கை இப்னு ஃபத்லான் என்ற அரபுத் தூதர் கண்ணால் பார்த்து எழுதினார். அவனோடு சாக யார் தயார் என்று அடிமைப் பெண்களைக் கேட்டார்கள். ஒருத்தி 'நான்' என்றாள். அடிமைக்கு ஏதுங்க விருப்பம்? அவளையும் கொன்று கப்பலோடு எரித்தார்கள்.

ஐஸ்லாந்தின் குடியேற்றக் கதையே அடிமைகளின் கதைதான். முதல் குடியேறி இங்கோல்வர், சுமார் 874. கூட வந்த உறவினன் ஹியோர்லெய்வுர், சாமிக்குப் பலி கொடுக்காதவன். அவனிடம் இருந்தது ஒரே மாடு. அதனால் அயர்லாந்தில் பிடித்துவந்த அடிமைகளை ஏரில் பூட்டினான். அவர்கள் மாட்டைக் கொன்று, கரடி அடித்துவிட்டது என்றார்கள். கரடியைத் தேடிக் காட்டுக்குள் பிரிந்து போனவர்களை ஒவ்வொருவராகத் தீர்த்தார்கள். பிணத்தைப் பார்த்த இங்கோல்வர், பலி கொடுக்காதவனுக்கு இதுதான் கதி என்றானாம். ஏரில் பூட்டியது அவன் கண்ணில் படவில்லை. சாமி குத்தம்தான் பட்டது. தப்பிப்போன அடிமைகளைப் பக்கத்துத் தீவுகளில் தேடிப்பிடித்துக் கொன்றான். சிலர் பாறையிலிருந்து குதித்துச் செத்தார்கள். மேற்கத்தியர் என்று அயர்லாந்துக்காரர்களைச் சொல்வது வழக்கம். அதனால் அவை வெஸ்ட்மன் தீவுகள். இன்றும் அதே பெயர்தான்.

முன்னோர் மதம் என்கிறார்கள். எந்த முன்னோர்? 2000ஐ ஒட்டி வந்த மரபணு ஆய்வுகள், குடியேறிய ஆண்களில் பெரும்பாலோர் ஸ்காண்டிநேவிய வழி, பெண்களில் பாதிக்கு மேல் அயர்லாந்து, ஸ்காட்லாந்து வழி என்றன. எல்லாரும் அடிமைகள் இல்லை. நிறையப் பேர் கொண்டுவரப்பட்டவர்கள். இன்று கொம்பில் மதுவை ஊற்றி ஓடினுக்கு வாழ்த்துச் சொல்கிறவர்களில் அந்தப் பெண்களின் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். இங்கோல்வருக்கு ரெய்க்யாவிக்கில் ஒரு மேட்டின்மேல் 1924இலிருந்து சிலை நிற்கிறது.