மின்சாரக் காரின் மென்பொருள் புதுப்பிப்பும் தொடுதிரைக் கோளாறுகளும்

மின்சாரக் கார் விற்பனையாகி வீட்டுக்கு வந்த பிறகும், அதன் மின்கலம், மோட்டார், பிரேக், விளக்கு, திரை ஆகியவற்றை இயக்கும் நிரல்களைத் தயாரிப்பாளரே அவ்வப்போது மாற்றித் தருவது மென்பொருள் புதுப்பிப்பு எனப்படும். பேச்சு வழக்கில் அப்டேட் என்றே வழங்கும் இது இரண்டு வழிகளில் நடைபெறுகிறது. சர்வீஸ் சென்டரில் காரின் பரிசோதனை முனையில் கணினியைச் செருகிச் செய்வது பழைய வழி. கைப்பேசிக் கோபுரம் அல்லது வீட்டு வைஃபை மூலமாகக் கார் தானே இறக்கிக்கொள்வது, ஓ.டி.ஏ. என்று சுருக்கமாகக் குறிக்கப்படும் புதிய வழி. முன்பலகையின் நடுவிலுள்ள தொடுதிரையும் அதன் பின்னால் இயங்கும் கணினியும் சேர்ந்த தொகுதிக்கு இன்ஃபோடெயின்மென்ட் என்று பெயர். தகவலையும் கேளிக்கையையும் சேர்த்து ஆக்கிய இப்பெயர் இன்று பொருந்தவில்லை. ஏசி, பின்புறக் கேமரா, முன்கண்ணாடியின் பனிநீக்கி, எச்சரிக்கை ஒலி, மின்னேற்ற அளவு ஆகிய அனைத்தும் அதன் கைக்குப் போய்விட்ட நிலையில், அதைப் பழைய கார் ரேடியோவின் வாரிசாக மட்டும் கருதுவது தவறாகும்.

இத்துறையில் காணப்படும் கோளாறுகளில் பெரும்பாலானவை ஒரே பொருந்தாமையில் பிறப்பவை. கார் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடுவதற்கென்று செய்யப்படுவது. அதனுள் வைக்கப்படும் திரையும் செயலியும் நினைவகமும் இணைப்புக் கருவியும், மூன்று நான்கு ஆண்டுகளில் மாற்றப்படும் கைப்பேசியின் உலகத்திலிருந்து வந்தவை.

காரின் உள்ளே ஒரு கணினி அல்ல, பல இருக்கின்றன. பிரேக்குக்கு ஒன்று, காற்றுப்பைக்கு ஒன்று, மின்கலத்தைக் கண்காணிக்க ஒன்று என்று தனித்தனியாக அமைந்த இவை கட்டுப்பாட்டு அலகுகள் எனப்படுகின்றன; அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கம்பித்தடம், ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய 'கேன்' என்னும் முறையைப் பின்பற்றுகிறது. திரைக் கணினிக்கும் ஓட்டத்தைக் கவனிக்கும் அலகுகளுக்கும் இடையே உள்ள இந்தப் பிரிவினை நடைமுறையில் மிகவும் பயன்படுவது. டெஸ்லா மாடல் 3 காரில் திரை உறைந்துபோனால், ஸ்டியரிங்கின் இரு பக்கங்களிலும் உள்ள உருளைப் பொத்தான்களைத் திரை இருளும்வரை அழுத்திப் பிடித்தால் திரைக் கணினி அணைந்து மறுபடி எழும். அந்தச் சிறு இடைவெளியில் வேகம்கூடக் கண்ணுக்குத் தெரியாது, ஏனெனில் அக்காரில் வேகம் காட்டுவதும் அதே திரைதான். ஆயினும் மோட்டாரும் பிரேக்கும் ஸ்டியரிங்கும் தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

புதுப்பிப்புக் கோப்பு காரை வந்தடைந்தவுடன், அது உண்மையில் தயாரிப்பாளரிடமிருந்து வந்ததுதானா என்பதை எண்முறைக் கையொப்பத்தின் மூலம் கார் சரிபார்க்கிறது. நல்ல வடிவமைப்பில் நினைவகம் இரண்டு அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஓர் அறையில் உள்ள பழைய நிரல் காரை இயக்கிக்கொண்டிருக்க, மற்ற அறையில் புதிய நிரல் எழுதப்படும். எழுதி முடித்துச் சோதித்த பிறகே பொறுப்பு கைமாறும். புதியது எழ மறுத்தால் பழைய அறைக்கே கார் திரும்பிவிடும். இவ்வசதி இல்லாத அலகுகளில், பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதும் வேளையில் மின்சாரம் நின்றால் அந்த அலகு வெறும் பலகையாகிவிடும். கார் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும், இடையில் ஓட்டக் கூடாது என்றெல்லாம் திரையில் வரும் நிபந்தனைகளுக்கு இதுவே காரணம்.

இங்குதான் 12 வோல்ட் மின்கலம் முக்கியத்துவம் பெறுகிறது. மின்சாரக் காரின் அடித்தளத்தில் 400 அல்லது 800 வோல்ட் அளவிலான பெரிய மின்கலத் தொகுதி இருந்தாலும், கணினிகளும் கதவுப் பூட்டுகளும் விளக்குகளும் பெட்ரோல் காரில் இருப்பது போன்ற ஒரு சிறிய 12 வோல்ட் மின்கலத்திலிருந்தே உயிர் பெறுகின்றன. பெரிய தொகுதியைச் சுற்றுடன் இணைக்கும் விசையை மூடுவதற்குத் தேவையான ஆணைகூட அச்சிறு மின்கலத்தின் தயவில்தான் பிறக்கிறது. நிரல் பிழையால் ஏதேனும் ஓர் அலகு இரவில் உறங்காமல் விழித்திருந்தால், பெரிய தொகுதி நிறைந்திருக்கும்போதே சிறியது வற்றிப்போகும். காலையில் உரிமையாளர் வந்து பார்த்தால் கதவு திறக்காது, திரை எழாது, சார்ஜர் செருகியும் பயனிருக்காது. வீடு நிறைய நெல் இருந்தும் குத்துவதற்கு உரல் இல்லாத நிலை அது. 'கார் செத்துவிட்டது' என்று உரிமையாளர்கள் சொல்லும் புகார்களில் பல, சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள இந்த மின்கலத்தில் போய் முடிகின்றன.

ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் ஐடி வரிசைக் கார்கள் இதற்கு நேரடிச் சான்றாகும். ஜெர்மனியின் ஸ்விக்காவ் ஆலையில் 2019 நவம்பரில் உற்பத்தி தொடங்கிய ஐடி.3 கார், மென்பொருள் முழுமை பெறாததால் 2020 செப்டம்பரில்தான் வாடிக்கையாளர் கைக்கு வரத் தொடங்கியது. அப்போதும் சில வசதிகள் பின்னர் வரும் என்ற வாக்குறுதியோடுதான் வந்தது. கம்பியில்லாப் புதுப்பிப்பு 2021 இலையுதிர் காலத்தில் தொடங்கியபோதும், தொடக்ககாலக் கார்கள் 3.0 பதிப்பைப் பெறுவதற்கு அவற்றின் 12 வோல்ட் மின்கலத்தையே மாற்ற வேண்டியிருந்தது. காற்றில் வரவேண்டிய புதுப்பிப்புக்காகக் கார் பணிமனைக்குப் போனது என்பதே இதன் சுருக்கம். அதே காரில் வெப்பநிலையையும் ஒலியளவையும் மாற்றும் தொடுபட்டை, திரைக்குக் கீழே விளக்கு இல்லாமல் அமைக்கப்பட்டிருந்ததால், இரவில் விரலால் தடவித் தேடவேண்டியிருந்தது. இதை எந்த நிரலாலும் திருத்த முடியாது. விளக்குப் பொருத்திய பட்டை பிந்தைய மாதிரிகளில்தான் வந்தது. தொடுதிரைக்குள் எல்லாவற்றையும் புதைத்தது பிழை என்ற கருத்து இன்று தொழில்துறைக்குள்ளேயே வலுத்துள்ளது. கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் வழங்கும் யூரோ என்கேப் அமைப்பும், 2026 முதல் ஹாரன், இண்டிகேட்டர், அபாய விளக்கு, வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பொத்தான் அல்லது நெம்பு வைத்திருப்பதை மதிப்பெண்ணில் சேர்த்துக்கொள்ள முடிவு செய்தது.

கம்பியில்லாப் புதுப்பிப்பைக் காரின் இயல்பான பண்பாக்கிய நிறுவனம் டெஸ்லா. 2012-இல் வெளிவந்த மாடல் எஸ் கார் முதலே அது இவ்வழியைக் கையாண்டது. இதன் வலிமையைக் காட்டும் நிகழ்வு 2018 மே மாதத்தில் நடந்தது. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழின் சோதனையில் மாடல் 3 கார் மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்பதற்கு 152 அடி எடுத்துக்கொண்டது. நிறுவனம் பிரேக் நிரலைத் திருத்தி அனுப்பியபின், அதே கார் மறுசோதனையில் 133 அடியில் நின்றது. ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் 19 அடி குறைந்தது என்பது வியப்புக்குரியதே. அவ்வளவு அடிப்படையான ஒன்று முதலில் ஏன் சரியாக இல்லை என்ற கேள்வியும் அதே அளவுக்கு நியாயமானது.

கொடுக்கும் கை எடுக்கவும் செய்யும். மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களின் குறைந்த விலை வகைகள் சிலவற்றில் 75 கிலோவாட்-மணி மின்கலத்தையே பொருத்தி, நிரலால் 60 என்று கட்டுப்படுத்தி விற்றிருந்த டெஸ்லா, 2017 செப்டம்பரில் இர்மா புயல் புளோரிடாவை நெருங்கியபோது அந்தப் பூட்டைத் தற்காலிகமாகத் திறந்துவிட்டு, வெளியேறுவோர் கூடுதல் தூரம் செல்ல வழிசெய்தது. மாறாக, 2019-இல் அனுப்பிய ஒரு புதுப்பிப்பு சில மாடல் எஸ் கார்களின் மின்கல உச்ச மின்னழுத்தத்தைக் குறைத்ததால் ஓடும் தூரம் சுருங்கியது. அது வழக்காகி, 2021-இல் 1,743 கார்களின் உரிமையாளர்களுக்கு மொத்தம் 15 லட்சம் டாலர் இழப்பீடு தரும் உடன்பாட்டில் முடிந்தது.

நினைவகத்தின் ஆயுள் பற்றிய டெஸ்லாவின் இன்னொரு நிகழ்வு, இத்துறையில் எழுதப்படும் எந்தக் கட்டுரையிலும் தவிர்க்க முடியாதது. 2018 தொடக்கம் வரை செய்யப்பட்ட மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களின் நடுத்திரைக்குப் பின்னால் என்விடியா நிறுவனத்தின் டெக்ரா 3 செயலியும் 8 ஜிபி ஃபிளாஷ் நினைவகமும் இருந்தன. ஃபிளாஷ் நினைவகம் சிலேட்டைப் போன்றது. ஆனால் ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் சிலேட்டின் கறுப்புப் பூச்சு சிறிது உதிரும், ஏறத்தாழ 3,000 முறைக்குப் பிறகு எழுத்து நிற்காது. திரைக் கணினி தன் அன்றாட நடவடிக்கைகளை ஓயாமல் அதே நினைவகத்தில் குறிப்பேடாக எழுதிவந்ததால், ஐந்தாறு ஆண்டுகளில் பூச்சு தேய்ந்தது. முதலில் வரைபடம் தாமதமாக வரும், பிறகு திரை அடிக்கடி தானே அணைந்து எழும், கடைசியில் எழாது. கார் ஓடும், ஆனால் பின்னோக்கி எடுக்கும்போது கேமரா இருக்காது, பனிக்காலக் காலையில் முன்கண்ணாடியைத் தெளிவாக்க வழி இருக்காது, இண்டிகேட்டரின் 'டிக் டிக்' ஒலிகூட இருக்காது. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2021 ஜனவரியில் திரும்பப்பெறக் கோரியதையடுத்து, ஏறத்தாழ 1,35,000 கார்களில் நினைவகப் பலகையை மாற்றித்தர டெஸ்லா ஒப்புக்கொண்டது. காரை அழித்தது விபத்தோ துருவோ அன்று, நாட்குறிப்பு எழுதும் பழக்கம்.

மனிதப் பிழையும் விலக்கன்று. ரிவியன் நிறுவனம் 2023 நவம்பரில் 2023.42 என்ற பதிப்பை அனுப்பியபோது, தவறான பாதுகாப்புச் சான்றிதழ்களைக் கொண்ட வேறொரு தொகுப்பு வாடிக்கையாளர் கார்களுக்குப் போய்ச் சேர்ந்ததால், நிறுவல் 90 விழுக்காட்டில் நின்று திரைகள் செயலிழந்தன. கார்கள் மட்டும் ஓடின. வெளியிலிருந்து வரும் தரவும் திரையை வீழ்த்தக்கூடும் என்பதற்கு, மின்சாரக் கார் அல்லாத ஓர் எடுத்துக்காட்டை இங்கே சேர்ப்பது தகும்: 2022 தொடக்கத்தில் சியாட்டில் நகரின் ஒரு வானொலி நிலையம், ஒலியோடு அனுப்பிய படக்கோப்புகளின் பெயரில் வகையைக் குறிக்கும் ஈற்றெழுத்துகளை விட்டுவிட, 2014 முதல் 2017 வரையிலான மாஸ்தா கார்கள் அந்நிலையத்திலேயே சிக்கிக்கொண்டு, திரை எழுந்து எழுந்து அணைந்தன. மின்சாரக் கார்களில் வானொலிக்கு வேறொரு தொல்லை உண்டு. மோட்டாருக்கு மின்சாரத்தை மாற்றித்தரும் இன்வெர்ட்டர் எழுப்பும் மின்காந்த இரைச்சல் மத்திய அலையில் கலப்பதால், பல நிறுவனங்கள் அவ்வசதியையே நீக்கின; ஃபோர்டு நிறுவனம் எதிர்ப்புக்குப் பின் 2023 மே மாதத்தில் முடிவை மாற்றிக்கொண்டு, ஏற்கெனவே விற்ற இரு மின்சார மாதிரிகளுக்கு அதை மென்பொருள் மூலமே திருப்பித் தருவதாக அறிவித்தது.

தொலைத்தொடர்பு வலையமைப்பின் ஆயுளும் காரின் ஆயுளோடு பொருந்துவதில்லை. பிரிட்டனில் 2016-க்கு முந்தைய நிசான் லீஃப் கார்களின் இணைப்புக் கருவி 2ஜி வலையமைப்பை நம்பியிருந்ததால், 2024 ஏப்ரலில் அவற்றுக்கான கைப்பேசிச் செயலி நிறுத்தப்பட்டது. வீட்டுக்குள் இருந்தபடியே காரைச் சூடாக்குவதும் மின்னேற்றத்தைத் தொடங்குவதும் அத்தோடு முடிந்தன.

இவற்றை நெறிப்படுத்த, ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் 155, 156 ஆம் ஒழுங்குமுறைகளை 2020 ஜூனில் ஏற்றது. முன்னது இணையவழித் தாக்குதலிலிருந்து காரைக் காப்பது பற்றியது. பின்னது மென்பொருள் புதுப்பிப்பு பற்றியது. புதுப்பிப்பை முடிக்கப் போதிய மின்சாரம் காரில் இருப்பதை முன்கூட்டியே உறுதிசெய்ய வேண்டும், தோற்றால் முந்தைய பதிப்புக்கோ பாதுகாப்பான நிலைக்கோ கார் திரும்ப வேண்டும், நோக்கத்தை உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பின்னது விதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய மாதிரிகளுக்கு 2022 ஜூலையிலும், விற்கப்படும் எல்லாப் புதிய கார்களுக்கும் 2024 ஜூலையிலும் இவை கட்டாயமாயின. இந்தியாவில் இவற்றின் வழியொற்றி ஏ.ஐ.எஸ். 189, 190 என்னும் தரநிலைகள் வகுக்கப்பட்டுள்ளன. தமிழ்நாட்டுக்கு இது தொலைவான செய்தி அல்ல. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் செய்யப்பட்ட ஓலா எஸ்1 ஸ்கூட்டர்கள் 2021 இறுதியில் விநியோகமானபோது, விளம்பரத்தில் கூறப்பட்ட வசதிகள் சில அவற்றில் இல்லாமல், அடுத்த ஆண்டு வந்த மூவ்ஓஎஸ் 2 புதுப்பிப்பில்தான் வந்துசேர்ந்தன.

சட்டத்தின் சொல்லாட்சி இன்னும் பணிமனைக் காலத்தை விட்டு நகரவில்லை. 2024 பிப்ரவரியில் டெஸ்லா அமெரிக்காவில் ஏறத்தாழ 22 லட்சம் கார்களைத் 'திரும்பப்பெற்றது'. பிரேக், பார்க்கிங், ஏ.பி.எஸ். எச்சரிக்கை எழுத்துகள் திரையில் விதித்த அளவைவிடச் சிறியனவாக இருந்ததே குற்றம், அவற்றைப் பெரிதாக்கும் சிறு புதுப்பிப்பே பரிகாரம். அதற்காக எந்தக் காரும் பணிமனைக்குப் போகவேண்டியிருக்கவில்லை. ஆயினும், அந்நாட்டு விதிப்படி ஒவ்வோர் உரிமையாளருக்கும் அஞ்சலில் கடிதம் அனுப்பியாக வேண்டும்.