கொதித்தது வெயிலாலா, தண்ணீராலா? அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் எஞ்சின் குளிர்விப்பின் வரலாறு

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வண்டி கொதித்து நின்றால் பழி வெயிலின் மேல்தான் விழும். மழை பொய்க்கும் கரிசல் காடு, நிழலுக்குச் சீமைக் கருவேலம், கோடையில் 40 டிகிரியைத் தொடும் அனல். பழி சொல்வதில் வியப்பில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் வெயிலின் பங்கு சிறியதுதான். ரேடியேட்டரில் ஓடும் தண்ணீர் 90 டிகிரி, வெளிக்காற்று 30 டிகிரி என்றால் இடைவெளி 60 டிகிரி. காற்று 40 டிகிரியானால் இடைவெளி 50 ஆகிறது. வெப்பத்தைக் கழிக்கும் திறனில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் குறைகிறது. ஒழுங்காகச் செய்த ரேடியேட்டர் அதைத் தாங்கும். மிச்சப் பழி யாருடையது என்பதை ரேடியேட்டருக்குள் ஊற்றிய தண்ணீரில் தேட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கு வேலையாகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மீதி சிலிண்டர் சுவர் வழியாகத் தண்ணீரில் இறங்குகிறது. எரியும் வாயு 2000 டிகிரியைத் தாண்டும். பிஸ்டன் செய்யும் அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது தண்ணீரும் மெல்லிய எண்ணெய்ப் படலமும்தான். அதற்காகக் குளிர்ச்சி கூடக் கூட நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. தண்ணீர் 80 முதல் 95 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் எஞ்சின் ஒழுங்காக எரிக்கிறது. அதற்குக் கீழே ஓடினால் டீசல் செலவு கூடும், சிலிண்டர் தேயும். அளவுக்கு மீறிய குளிர்ச்சியும் கெடுதல் என்ற இந்த இரண்டாம் பாதி நம் வட்டாரத்தில் நெடுங்காலம் கவனிக்கப்படவே இல்லை.

தொடக்க காலத்தில் கொதிப்பது கோளாறாகவே கருதப்படவில்லை. 1886இல் கார்ல் பென்ஸ் ஓட்டிய மூன்று சக்கர வண்டி, தண்ணீரை ஆவியாக்கித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொண்டது. 1901ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் காரில் வந்த வில்ஹெல்ம் மைபாக்கின் தேன்கூட்டு ரேடியேட்டர், அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடும் வழியைச் செம்மையாக்கியது. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில், முதல் 2,500 வண்டிகளுக்குப் பிறகு நீரைச் சுற்றவிடும் பம்பையே எடுத்துவிட்டார்கள். சூடான நீர் மேலே ஏறும், குளிர்ந்த நீர் கீழே இறங்கும் என்ற இயல்பே போதும் என்பது அந்த நிறுவனத்தின் முடிவு. மலிவான ஏற்பாடுதான். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு: நீர்மட்டம் மேல் குழாயின் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் சுற்றோட்டம் அடியோடு நின்றுவிடும். டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனம் மதுரைச் சீமையில் பேருந்துப் போக்குவரத்தை வளர்த்த அந்தத் தலைமுறை வண்டிகளில், தண்ணீர் ஊற்ற நிறுத்துவது பயணத்தின் ஒரு பகுதி. ரேடியேட்டர் மூடியில் அழுத்தம் தாங்கும் ஏற்பாடு கிடையாது. ஆகவே 100 டிகிரியில் ஆவி கிளம்பிவிடும்; கொடைக்கானல் உயரத்தில் என்றால் 93 டிகிரியிலேயே.

இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது டி.வி.எஸ். நிறுவனமே கரிவாயு உலையைச் செய்து வண்டிகளுக்குக் கொடுத்தது. பெட்ரோலை விடக் கரிவாயுவில் இழுவை வெகுவாகக் குறையும். ஆகவே சின்ன மேட்டுக்கும் தாழ்ந்த கியர், அதிகச் சுழற்சி, குறைந்த வேகம். முன்னால் வீசும் காற்று குறைய, எஞ்சினின் உழைப்போ கூடும். கொதிக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனாலும் இந்த மண்ணின் நீரையும் எஞ்சினையும் நேருக்கு நேர் மோதவிட்டது பேருந்து அல்ல, கிணற்று மேட்டு ஆயில் எஞ்சின்தான். சென்னை மாகாணத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எண்ணெய் எஞ்சின் வைத்து நீரிறைப்பதை ஊக்குவித்தார். 1946இல் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் நிறுவனம் பிறந்த பிறகு அது மெல்ல மெல்லச் சம்சாரியின் கைக்கும் எட்டியது. இதில் ரேடியேட்டர் இல்லை. பம்பு இறைக்கும் நீரிலேயே ஒரு சிறு கிளைக்குழாய் பிரித்து, சிலிண்டரைச் சுற்றிய நீர்ச்சட்டைக்குள் விட்டு, மறுபக்கம் வாய்க்காலில் விழச் செய்வார்கள். கிணற்று நீர் 28, 30 டிகிரியில் உள்ளே போகும். வெளியே வரும்போது கையை வைத்துப் பார்த்து ‘நல்லாத்தான் ஓடுது’ என்பார்கள். உண்மையில் அது அளவுக்கு மீறிக் குளிர்ந்து ஓடும் எஞ்சின். டீசலிலுள்ள கந்தகம் எரிந்து உண்டாகும் வாயு குளிர்ந்த சிலிண்டர் சுவரில் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, சிலிண்டரின் உள்ளுறையான லைனரை அரிக்கும்.

அதைவிடப் பெரிய கெடுதல் உப்பு. இந்த வட்டாரத்துக் கிணறுகளில் பல உவர்ப்பும் கடினமும் கலந்தவை. கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடுபட்டதும் சுண்ணாம்பாகப் படிகிறது. வெந்நீர்ப் பானையின் உட்புறத்தைச் சுரண்டியவர்களுக்குத் தெரியும். படிவது எங்கே என்றால், எங்கே சூடு அதிகமோ அங்கே: சிலிண்டர் ஹெட்டில், புகைவால்வைச் சுற்றி. வார்ப்பிரும்பு கடத்தும் வெப்பத்தில் சுமார் இருபதில் ஒரு பங்கைத்தான் இந்தப் படிவு கடத்தும். ஒரு மில்லிமீட்டர் படிந்தால், சுவருக்கு உள்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் இரும்பைக் கூடுதலாக வைத்துக் கட்டியதற்குச் சமம். அப்புறம் எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் ஹெட் வெடிப்பதைத் தடுக்க முடியாது.

டெல்கோ நிறுவனம் 1954இல் மெர்சிடிஸ் பென்ஸ் லாரிகளைக் கட்டத் தொடங்கியது. 1955இல் அசோக் மோட்டார்ஸ் அசோக் லேலண்டாயிற்று. டீசல் வண்டிகள் மதுரை–அருப்புக்கோட்டை–தூத்துக்குடிச் சாலையிலும், திருச்சுழி, நரிக்குடிக் கிளைச் சாலைகளிலும் புழங்கின. 1972இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. பம்பு, ஃபேன் பெல்ட், தெர்மோஸ்டாட் எல்லாம் கம்பெனியிலிருந்தே பொருத்தி வந்த எஞ்சின்கள் இவை. ஆனால் ஊற்றிய நீர் பழையதுதான். வழியில் கொதித்தால் கிளீனர் வாளியோடு இறங்குவார். அனுபவமுள்ள டிரைவர் கிணற்றையும் அடிபம்பையும் விட்டு ஊரணிக்கு அனுப்புவார். ஊரணியில் இருப்பது மழைநீர், மென்னீர். ஆய்வுக்கூடம் இல்லாமலே தெரிந்துகொண்ட பாடம் அது. 

தண்ணீர் வந்தாலும் உடனே ஊற்றிவிட முடியாது. நனைத்த கோணிச் சாக்கை மூடிமேல் போட்டு, கால் திருப்புத் திருப்பி, சீறல் அடங்கும்வரை முகத்தை விலக்கி நிற்க வேண்டும். எஞ்சினை அணைக்காமல் மெல்ல ஓடவிட்டு, நூல் பிடித்தாற்போல ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு வாளியைக் கவிழ்த்தால் காய்ந்த ஹெட் விரிசல் விடும். ஆவியாகிப் போவது நீர் மட்டும்தான். உப்பு உள்ளேயே தங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு வாளியும் அடுத்த கொதிப்புக்கு முன்பணம்.

இதற்கு ஊர்ப் பட்டறைகள் கண்ட மருந்து இரண்டு. செம்பும் பித்தளையுமான ரேடியேட்டரின் மேல்தொட்டியைச் சூடுகாட்டிப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுக் குத்தி, மறுபடி ஈயம் வைத்துப் பற்றுவது ஒன்று. அருமையான கைவேலை, பல ஆண்டுகள் வண்டிகளை ஓடவைத்ததும் இதுதான். இன்னொன்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. 1930களில் செர்ஜியஸ் வெர்னெ மெழுகை வைத்து உருவாக்கிய இந்தச் சின்ன வால்வு, எஞ்சின் சூடாகும்வரை நீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுப்பது. உப்பு பிடித்து மூடியபடியே நின்றுவிட்டால் வண்டி கொதிக்கும். ஆகவே ‘நம்ம ஊர் சூட்டுக்கு இது எதுக்கு?’ என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள். கிணற்று மேட்டுத் தவறு சாலைக்கு ஏறிவந்தது: கொதிப்பு நின்றது, டீசல் செலவும் தேய்மானமும் கூடின. சில எஞ்சின்களில் வால்வை எடுத்தால் சுற்றுவழிக் குழாய் திறந்தே கிடந்து, நீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்பிவிடும். பாரம் ஏறினால் அதுவே கொதிப்புக்குக் காரணமாகிவிடும். வெயிலைக் குற்றவாளியாக்கியதன் விலை இது.

இதற்கிடையே, 1980இல் வந்த டி.வி.எஸ். 50 மொபெட் தண்ணீரே கேட்கவில்லை. சிலிண்டரைச் சுற்றிய இறகுகளும் எதிர்க்காற்றும் போதும். நெசவாளரின் சேலைக் கட்டையும் மல்லிகைக் கூடையையும் சுமந்த அந்த மொபெட்டுக்கு உப்புநீரின் கவலை கிடையாது.

கார்களில் திருப்பம் 1983 டிசம்பரில் வந்த மாருதி 800. குறுக்காக வைத்த எஞ்சின், மின்விசிறி, குளிர்விப்பு நீருக்கு (கூலண்ட்) தனிப் பாட்டில், அழுத்த மூடி. ஒரு பார் கூடுதல் அழுத்தத்தில் தண்ணீரின் கொதிநிலை 120 டிகிரிக்கு ஏறும். பாதிக்குப் பாதி கிளைக்கால் என்ற திரவத்தைக் கலந்தால் இன்னும் ஏறும். சூட்டில் விரியும் நீர் பாட்டிலுக்குப் போய், ஆறியதும் திரும்பிவரும். வெளித் தண்ணீர் தேவைப்படாத கார் எஞ்சின் இந்தச் சாலைகளில் ஓடத் தொடங்கியது. பட்டறைப் பழக்கம் அவ்வளவு எளிதில் மாறவில்லை. விசிறியின் சூட்டு சுவிட்ச் கெட்டால், சாவி திருப்பியதும் ஓடும்படி ‘டைரக்ட்’ கொடுத்துவிடுவார்கள். பழைய மனநிலைதான், ஒயர் மட்டும் புதிது.

இப்போது அருப்புக்கோட்டை வழி நான்குவழிச் சாலை. அதில் ஓடும் வண்டிகளில் ஏ.சி. கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்து சூட்டுக் காற்றை அனுப்புகிறது. புகையைத் திருப்பிவிடும் இ.ஜி.ஆர். கூலரும் தன் வெப்பத்தை அதே தண்ணீரில் இறக்குகிறது. அலுமினியக் கருவும் பிளாஸ்டிக் தொட்டியுமான ரேடியேட்டரைக் கம்பி விட்டுக் குத்த முடியாது. உப்புநீரின் கெடுதலை உணர்ந்தவர்கள் ஆர்.ஓ. கேன் தண்ணீரை ஊற்றுகிறார்கள். சுண்ணாம்பு படியாது, சரி. ஆனால் துருத்தடுப்பு மருந்து இல்லாத வெறும் நீர், எவ்வளவு சுத்தமானாலும், அலுமினியத்தை அரிக்கும். கலந்தே விற்கும் கூலண்டை ஊற்றி, கம்பெனி சொன்ன கெடுவில் மாற்றுவதுதான் முறை. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 புகை விதிப்படி செய்த வண்டியில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பார்த்தால், எஞ்சின் உரிய சூட்டுக்கு வரவில்லை என்று கணினி விளக்கைப் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். அளவு மீறிச் சூடானால் டிரைவர் கவனிக்கும் முன்பே இழுவையைக் குறைத்துவிடும்.