இராமநாதபுரம் கடலோரக் கல்வித் திட்டங்களும் சமத்துவ ஆய்வும்

கல்வித் திட்டங்கள் எந்தப் பிள்ளைகளைச் சென்றடைகின்றன, யாரை விட்டுவிடுகின்றன என்ற கேள்வி சென்னை மாகாணத்தில் 1822இலேயே எழுந்தது. ஆளுநர் தாமஸ் மன்றோ, பள்ளிக்கூடங்களின் எண்ணிக்கையையும் படிப்போர் விவரத்தையும் சாதிவாரியாக, ஆண் பெண் வாரியாக அனுப்பும்படி மாவட்ட ஆட்சியர்களைக் கேட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் மக்களுக்கு 12,498 பள்ளிகள். படித்தவர்கள் சுமார் 1,88,000 பேர். பெண்பிள்ளைகள் மிகச் சொற்பம். வீட்டிலேயே கற்றவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை என்பதையும் மன்றோ சுட்டினார். கணக்கின் குறையைக் கணக்கெடுத்தவரே சொல்லும் அந்த நேர்மை பிற்கால அறிக்கைகள் பலவற்றில் இல்லை.

இராமநாதபுரத்தில் சுவார்ட்ஸ் பாதிரியார் 1785இலேயே பள்ளி தொடங்கியிருந்தார். அவர் பெயர் தாங்கிய பள்ளியில்தான் இராமேசுவரத்து அப்துல் கலாம் படித்தார். ஒரு கலாமின் வெற்றியைக் காட்டி முழுக் கடலோரத்தையும் அளந்துவிட முடியாது.

காமராசர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவைத்தன. 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்கப் பரவியபோது, எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதோடு என்ன கற்றார்கள் என்பதும் கேள்வியானது.

2018இல் மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் தமிழகத்திலிருந்து இராமநாதபுரமும் விருதுநகரும் இடம்பெற்றன. பெண்களின் எழுத்தறிவு, மொழியிலும் கணக்கிலும் கற்றல் அடைவு, இடைநிலைக் கல்விக்குச் செல்வோர் விகிதம் எல்லாம் அளக்கப்பட்டன. ஆனால் அளவுகோல் மாவட்டம். முதுகுளத்தூர், கமுதி வறட்சிப் பகுதியும் தங்கச்சிமடம், பாம்பன் மீனவர் குடியிருப்புகளும் மண்டபம் இலங்கைத் தமிழர் முகாமும் ஒரே சராசரிக்குள் கரைந்துவிடுகின்றன.

ஒரு திட்டம் பலன் தந்ததா என்பதைத் தெளிவாகக் காட்டியது கொரோனாவுக்குப் பிந்தைய ஆய்வு. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தனர். 2019இல் அதே வயதில் இருந்தவர்களைவிட 2021 டிசம்பரில் பிள்ளைகள் கணக்கில் 0.7 திட்டவிலக்கமும் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து விலகும் அளவு) தமிழில் 0.34 திட்டவிலக்கமும் பின்தங்கியிருந்தனர். பள்ளிகள் திறந்த ஆறு மாதத்தில் மூன்றில் இரு பங்கு இழப்பு சரியானது. அந்த மீட்சியில் சுமார் 24 விழுக்காடு, பள்ளி நேரத்துக்குப் பிறகு நடந்த ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற அரசுத் திட்டத்தால் வந்தது. இழப்பு ஏழைப் பிள்ளைகளையே அதிகம் தாக்கியது, மீண்டு வந்ததிலும் அவர்களே முந்தினர் என்பதுதான் இதில் முக்கியம்.

கடலோரத்துக்கு இதே நுணுக்கம் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கூலிக்குக் கடலுக்குப் போகும் குடும்பத்தில் கையில் காசில்லாத அந்த நாட்களில்தான் பள்ளி திறக்கிறது. இலங்கைக் கடற்படை அப்பாவைப் பிடித்துச் சென்றால் பையனின் படிப்பே முதலில் அடிபடும். படகு உரிமையாளர் வீடு, கூலி மீனவர் வீடு, கடல்பாசி எடுக்கும் பெண்களின் வீடு ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, வருகையையும் இடைநிற்றலையும் மாதவாரியாகப் பதிவு செய்தால்தான் எந்தத் திட்டம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பது புலப்படும்.