ஆசான்: ஒரு சொல்லும் அதன் உரிமையும்

மலேசியாவின் ஜொகூர்த் தமிழர் பேச்சில் 'ஆசான்' என்ற சொல்லுக்கு இன்று மிஞ்சியிருக்கும் இடம் பெரும்பாலும் சிலம்பக் களம்தான். பள்ளியில் கற்பிப்பவர் 'சார்', 'டீச்சர்' ஆகிவிட்டார். கோயிலில் பூசை செய்பவர் குருக்கள். கம்பு சுற்றக் கற்றுத் தருபவரிடம் மட்டும் ஆசான் என்ற பெயர் தங்கியிருக்கிறது. அங்கும் அது தனித்து நிற்கவில்லை. முதியவர்கள் அவரை வாத்தியார் என்பார்கள், இளையவர்கள் மாஸ்டர் என்பார்கள், மேடை அறிவிப்பில் அவர் மகாகுரு ஆவதும் உண்டு. ஆள் ஒருவரே ஆனாலும் இந்தப் பெயர்கள் வெவ்வேறு வழியில் வந்தவை. அவருக்கு அவை தரும் உரிமையும் ஒன்றல்ல.

ஆசான், ஆசிரியன் ஆகிய இரண்டும் வடமொழியின் 'ஆசார்ய' என்பதிலிருந்து வந்தவை என்பது மொழியியலாரின் பொதுவான கருத்து. மரபுவழி அறிஞர்கள் ஆசு, இரியன் என்று பிரித்து, குற்றத்தை ஓட்டுபவர் என்று பொருள் சொல்வார்கள். அழகான விளக்கம்தான், ஆனால் அது ஆசிரியனுக்குப் பொருந்தும் அளவுக்கு ஆசானுக்குப் பொருந்தவில்லை. இந்த வேர் தமிழில் மூன்று கிளைகளாகப் பிரிந்தது. ஏட்டறிவின் பக்கம் போனது ஆசிரியர். சமயத்தின் பக்கம் போனது ஆச்சாரியார். உளியும் சுத்தியும் பிடித்த கையின் பக்கம் போனது ஆசாரி. ஆசான் என்ற வடிவம் மட்டும் ஏட்டுக்கும் கைத்திறனுக்கும் இடையில் நின்றது. ஆயுதப் பயிற்சிக்கு அது பொருந்திப்போனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

கற்பிப்பவர் யார் என்ற கேள்விக்குத் தமிழில் மிக விரிவாக விடை சொன்ன நூல்களில் ஒன்று, 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல். அதன் பொதுப்பாயிரம் நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றை உவமையாக்குகிறது. கூடாத ஆசிரியருக்கும் நான்கு உவமை உண்டு. கழற்காய் இட்ட குடத்தில் போட்ட வரிசையில் காய் வெளிவராது. மடல் கூரான பனை யாரையும் ஏறவிடாது, தானே பழம் உதிர்த்தால்தான் உண்டு. பருத்தி அடைத்த குண்டிகை கொஞ்சம் கொஞ்சமாகவே தரும். வளைந்த தென்னைக்கு நீர் ஊற்றுபவன் ஒருவன், காய் விழுவதோ அடுத்தவன் தோட்டத்தில். வித்தையை ஒளித்து வைக்கும் ஆசானையும், காசு கொடுத்தவனை விட்டு வேறொருவனுக்குச் சொல்லித் தரும் ஆசானையும் சிலம்பம் படித்தவர்கள் இந்தப் பட்டியலில் எளிதில் அடையாளம் காண்பார்கள். கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இதில் இருக்கிறது. ஆசிரியரின் குலமும் குணமும் அறிவும் கற்பிக்கும் முறையும் நன்னூலில் பேசப்படுகின்றன; அவர் யாரிடம் கற்றார், யார் அவருக்குச் சான்று கொடுத்தார் என்ற கேள்வி அங்கே முதலிடம் பெறவில்லை.

சொல் போர்க்கலையில் ஆழமாக ஊன்றியது தெற்கே, கன்னியாகுமரியிலும் பழைய திருவிதாங்கூரிலும். களரிப்பயிற்றின் வடக்கு முறையில் தலைவர் குருக்கள். தெற்கு முறையில் அவர் ஆசான். தென்முறை தன் மூலத்தை அகத்தியரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அங்கே ஆசான் என்பவர் அடிக்கத் தெரிந்தவர் மட்டுமல்லர். வர்மம் அறிந்தவர், சுளுக்கும் முறிவும் சரிசெய்பவர், எண்ணெய் காய்ச்சுபவர். காயப்படுத்தும் புள்ளியும் காப்பாற்றும் புள்ளியும் ஒன்றே என்பதால் இரண்டையும் ஒரே சொல் சுமந்தது. இதே இணைப்பு ஒரு சீனச் சொல்லிலும் உண்டு. ஜொகூரில் கால் பிசகினால் இந்தியர், மலாய்க்காரர், சீனர் என்ற பேதமின்றி எல்லாரும் தேடிப்போகும் சீன வைத்தியர் 'சின்சே'. அதை எழுதும் இரண்டு சீன எழுத்துகளையே ஜப்பானியர் 'சென்செய்' என்று படிக்கிறார்கள். முன்னே பிறந்தவர் என்பதே அதன் நேர்ப்பொருள். கராத்தே வகுப்பில் சென்செய்யாக வணங்கப்படுபவரும் மூலிகைக் கட்டுப் போடும் சின்சேயும் எழுத்தளவில் ஒருவரே. தெற்கத்தி ஆசானுக்கு இந்தச் செய்தி வியப்பாக இருக்காது.

வாத்தியார் என்பது 'உபாத்தியாயர்' சுருங்கி வந்த சொல். சென்னைப் பக்கத்துக் கோதாக்களில் மல்யுத்தமும் கம்பும் சொல்லித்தந்தவரை 'வஸ்தாது' என்றார்கள். பாரசீகத்தின் 'உஸ்தாத்' உருது வழியே வந்தது அது. அதே சொல் அரபு வழியே மலாயாவுக்கு வந்து, சமயம் கற்பிக்கும் 'உஸ்தாஸ்' ஆனது. பயில்வானுக்கும் இதே கதைதான். பாரசீகச் சொல் தமிழில் மற்போர்க்காரராகவும் மலாயில் 'பஹ்லாவான்' என்று வீரராகவும் நிற்கிறது. சிலம்பத்தின் தொடக்க வணக்க அடிவைப்புக்குப் பல களங்களில் 'சலாம் வரிசை' என்றே பெயர். தூய தமிழ்க்கலை என்று மேடையில் முழங்கப்படும் ஒன்றின் முதல் அடியே அரபுச் சொல்லோடு தொடங்குவதைச் சிலர் விரும்புவதில்லை. கலை எத்தனை கைகள் மாறி வந்தது என்பதற்கு அந்தச் சொல் நல்ல சான்று. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஜொகூருக்கு ஆசான், வாத்தியார் போன்ற சொற்கள் ரப்பரோடு வந்தன. கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான ரயில் பாதை 1909இல் முடிந்தது. அதன் இருபுறமும் சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் என்று தோட்டங்கள் விரிந்தன. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள்களைக் கூட்டி வந்தார்கள். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற கூலிக் குடியேற்றத்தை நிறுத்தும்வரை அது தொடர்ந்தது. வந்தவர்களில் கம்பு தெரிந்தவர்களும் இருந்தார்கள். ஊரில் மூங்கில் பிடித்த கை இங்கே காட்டுப் பிரம்பு பிடித்தது. பிரம்புக்கு மலாயில் 'ரோத்தான்'. அந்தச் சொல்லையும் மலேசியத் தமிழ் எடுத்துக்கொண்டது, பள்ளிக்கூடத்து அடியையும் சேர்த்து.

தோட்டத்தில் ஒருவர் வாத்தியார் ஆவதற்குத் தாள் எதுவும் தேவைப்படவில்லை. பால்மரம் வெட்டி முடிந்த பிறகு, மாலையில் லயத்துக்குப் பின்னால் உள்ள திடலில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவார். தட்சிணை வெற்றிலை பாக்கும் சில காசும். மாரியம்மன் திருவிழாவில் அவருடைய பிள்ளைகள் சாமி ஊர்வலத்துக்கு முன்னால் கம்பு சுற்றுவார்கள். பக்கத்துத் தோட்டத்து வாத்தியாரும் அங்கே நின்று பார்ப்பார். காலடி தவறினால் அங்கேயே சொல்லுவார், அல்லது சொல்லாமல் சிரிப்பார். ஒருவர் ஆசானா இல்லையா என்பதை முடிவு செய்த அவை அதுதான்.

சிலம்ப முறைகளின் பெயர்களும் இந்த நிலையைக் காட்டுகின்றன. நாகம், குறவஞ்சி, துடுக்காண்டம், கள்ளப்பத்து, பனையேறிமல்லு என்ற பெயர்களில் எதுவும் ஒரு தனி ஆசானின் பெயர் அல்ல. நிறுவியவர் யார் என்ற கேள்வியே அவற்றில் எழவில்லை.

கராத்தே தோன்றிய ஓகினாவாத் தீவிலும் தொடக்கத்தில் இப்படித்தான் இருந்தது. கை என்ற பொருளில் 'தே' என்றார்கள். வகை சொல்ல வேண்டுமானால் ஷூரி, நாஹா, தோமாரி என்று ஊர்ப் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். இத்தோசு அங்கோ என்ற ஆசான் 1901இல் அதைப் பள்ளிக்குள் கொண்டுபோனார். ஃபுனாகோஷி கிச்சின் 1922இல் தோக்கியோவில் செய்துகாட்டினார். ஜப்பானின் பெருநிலத்துக்குப் போனதும் கேள்விகள் மாறின. போர்க்கலைகளை மேற்பார்வையிட்ட 'தாய் நிப்போன் புதோக்குகாய்' என்ற அமைப்பு, உன் பிரிவின் பெயர் என்ன என்று கேட்டது. மியாகி சோஜுன் 'கோஜு ரியூ' என்ற பெயரை 1933இல் பதிந்தார். பதிவேட்டில் ஒரு கட்டம் இருந்ததால் அதை நிரப்பப் பெயர் பிறந்தது என்று சொன்னாலும் பெரிய பிழை இல்லை. கருப்புக் கச்சையும் 'தான்' படிநிலையும்கூட ஓகினாவாவில் தோன்றியவை அல்ல. ஜூடோவை நிறுவிய கானோ ஜிகோரோ 1883இல் தொடங்கிய படிநிலையை ஃபுனாகோஷி 1924இல் கராத்தேவுக்கு எடுத்துக்கொண்டார். கலையின் பெயரும் மாறியது. சீனக்கை என்று பொருள்படும் எழுத்துகளை விட்டு, அதே ஒலியுள்ள வெறுங்கை என்ற எழுத்துகளை ஏற்க 1936 அக்டோபர் 25ஆம் நாள் நாஹாவில் கூடிய ஆசான்கள் ஒப்பினார்கள். சீனாவோடு போர் மூளவிருந்த காலத்தில் சீனப் பரம்பரை பாரமாகியிருந்தது.

மியாகியின் வழி இன்னும் கூர்ந்து பார்க்கத் தக்கது. அவருடைய ஆசான் ஹிகாவொன்னா கான்ரியோ சீனாவின் ஃபூசோவில் 'ரியூ ரியூ கோ' என்பவரிடம் கற்றார். அந்தச் சீன ஆசான் உண்மையில் யார் என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். உலகெங்கும் மதிக்கப்படும் ஒரு பரம்பரையின் உச்சியில் இருப்பவரின் அடையாளமே உறுதியில்லை; அதனால் அந்தக் கலையின் மதிப்பு குறைந்துவிடவும் இல்லை. கீழ்முனையிலும் சிக்கல்தான். மியாகி வாரிசாக எண்ணியதாகச் சொல்லப்படும் ஷின்சாத்தோ ஜின்ஆன் 1945இல் ஓகினாவாப் போரில் இறந்தார். மியாகி 1953இல் மறைந்தார். பயிற்சிக் கருவிகள் அவருடைய மாணவர் மியாசாத்தோ ஏயிச்சியிடம் சேர்ந்தன. குருவின் உடையையும் கச்சையையும் குடும்பத்தார் பின்னர் இன்னொரு மாணவரான யாகி மெய்தோக்குவுக்குக் கொடுத்தார்கள். இருவரும் தனித்தனிப் பள்ளி நடத்தினார்கள், தோகுச்சி செய்கிச்சியும் நடத்தினார். யார் உண்மையான வாரிசு என்ற சண்டை அவர்களுடைய மாணவர்களின் மாணவர்கள் வரை வந்திருக்கிறது.

மலாய்த் தற்காப்புக் கலையான சிலாட் இந்தக் கேள்விக்குத் தனிச் சொற்களையே வைத்திருக்கிறது. கற்பிக்க அனுமதி 'இஜாசா', குருவழி 'சலாசிலா', மாணவர் 'முரிட்', மூன்றும் அரபு. சூஃபி வழியில் ஞானத்தை ஒப்படைப்பதற்குரிய சொற்கள் அவை. அதே இஜாசா இன்றைய மலாயில் பல்கலைக்கழகப் பட்டம். கற்பிப்பவருக்கு மட்டும் வடமொழியின் 'குரு' நின்றது. பள்ளி ஆசிரியரை அழைக்கும் 'சிக்கு' என்பதும் 'என்சிக் குரு' சுருங்கியதுதான். சிலாட் சேனி காயோங்கைப் பரப்பிய மேயோர் அப்துல் ரஹ்மான் (1915-1991) போன்ற தலைவர்களுக்கு 'மகாகுரு' என்ற பட்டம் நின்றது. ஜொகூரின் சிலம்பக் களங்களில் ஒலிக்கும் மகாகுரு பார்வைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்ததுபோல் இருந்தாலும், அக்கம்பக்கத்துச் சிலாட் பயிற்சிக்களத்தில் பழகிய பட்டமாகவே அதைக் கொள்வது பொருத்தம். தமிழ்நாட்டுக் கிராமத்தில் வாத்தியாரைப் பொதுவாக அப்படி அழைப்பதில்லை.

இந்தப் பட்டங்கள் பெருகியதற்கு இடம்பெயர்வும் ஒரு காரணம். தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ஜொகூர் பாருவின் மவுண்ட் ஆஸ்டின் ஒரு ரப்பர்த் தோட்டமாக இருந்தது, இன்று அது வீடமைப்புப் பகுதி. மாசாயிலும் ஸ்கூடாயிலும் குடியேறிய பிள்ளைகளுக்கு முன்னால் வந்து நிற்கும் ஆசானை அவர்களுடைய பெற்றோருக்குத் தெரியாது. சரிபார்க்கும் பக்கத்துத் தோட்டத்து வாத்தியாரும் அங்கே இல்லை. அந்த இடத்தைத் தாள் பிடித்துக்கொண்டது. சங்கமாக இயங்க 1966ஆம் ஆண்டின் சங்கச் சட்டம், விளையாட்டு அமைப்பாக இயங்க 1997ஆம் ஆண்டின் விளையாட்டு மேம்பாட்டுச் சட்டம் என்று பதிவு வேண்டும். பதிவேடு கேட்பது தலைவர், செயலாளர், பொருளாளர். ஆசான் என்ற பதவி அதில் இல்லை. நல்ல கம்புக்காரர் சங்கத்தில் சாதாரண உறுப்பினராகவும், கம்பு தொடாதவர் தலைவராகவும் இருக்க முடியும். 'உலக', 'பன்னாட்டு' என்ற அடைமொழியோடு ஒன்றுக்கு மேற்பட்ட சிலம்ப அமைப்புகள் இயங்குவதும் இந்த வழியில்தான். கராத்தேவைப் பார்த்து நிலைத்தேர்வும் சான்றிதழும் சில கழகங்களில் வந்துவிட்டன. அதில் வியப்பில்லை, 2023இல் நடந்த ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் கராத்தே தங்கம் வென்ற ஷாமளராணி உட்படப் பல மலேசியத் தமிழர்கள் அந்தப் படிநிலை வழியே ஏறியவர்கள்.

தாளில் இடம் போதாதவர்கள் புராணத்தைத் துணைக்கு அழைக்கிறார்கள். சிலம்பத்துக்கு ஐயாயிரம் ஆண்டு என்கிறார்கள். அதற்குச் சான்று இல்லை. காஞ்சிபுரத்து இளவரசர் போதிதர்மர் சீனாவின் ஷாவோலினில் கற்பித்ததே குங்ஃபூ ஆயிற்று, அதிலிருந்தே கராத்தே வந்தது என்பது இன்னொன்று. 2011இல் வந்த 'ஏழாம் அறிவு' திரைப்படம் அதைத் தமிழர் வீடெங்கும் சேர்த்தது. போதிதர்மரைப் போர்ப்பயிற்சியோடு இணைக்கும் மிகப் பழைய எழுத்து, 1624ஆம் ஆண்டினதாகக் கணிக்கப்படும் 'யீஜின் ஜிங்' என்ற சீன நூல். அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பிந்தியது. அதன் முன்னுரைகள் போலி என்று சீன ஆய்வாளர் தாங் ஹாவ் நீண்ட காலத்துக்கு முன்பே காட்டிவிட்டார். ஜொகூர்ச் சிலம்பத்தின் பரம்பரைக்கு ஷாவோலின் தேவையும் இல்லை. அது போகும் வழி ரெங்கத்திலும் லாபிஸிலும் குளுவாங்கிலும் கம்பு சொல்லித்தந்த தோட்டத்து வாத்தியார்கள் வழியே. அவர்களிடம் நேரில் கற்றவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். யார் எந்தத் தோட்டத்தில் யாரிடம் கற்றார், எந்த முறை, எந்தத் திருவிழாவில் ஆடினார் என்பதை அவர்களிடம் கேட்டு எழுதி வைக்கும் வேலையைச் சிலம்பக் கழகங்கள் அடுத்த சான்றிதழ் அச்சிடுவதற்கு முன் தொடங்க வேண்டும்.