கியர்ப்பெட்டியைத் திறந்த கைகள்

கோவையின் தொழில் வரலாற்றை எழுத முற்படும் எவரும் ஜி.டி.நாயுடுவிடம் வந்து சேராமல் இருப்பதில்லை. 1893-இல் கலங்கலில் பிறந்தவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் மனதைப் பறிகொடுத்து, உணவு விடுதியில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் அதையே வாங்கியவர். இந்தக் கதையில் நாம் எப்போதும் ஒரு மேதையையே தேடுகிறோம். எனக்கு முக்கியமாகப் படுவது வாங்கிய பின் அவர் செய்த காரியம். வண்டியை அக்கக்காகக் கழற்றி மீண்டும் பூட்டினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தை ஓட்டத் தொடங்கியதும், பிற்பாடு அது யு.எம்.எஸ். நிறுவனமாக வளர்ந்ததும் அந்தக் கழற்றலுக்குப் பின் வந்தவை.

கழற்றிப் பார்க்கும் இந்தப் பழக்கம் ஒரு மனிதரோடு நின்றுவிடவில்லை என்பதற்குக் காரணம் மண்ணில் இருக்கிறது. கொங்கு மழைமறைவுப் பிரதேசம், கிணறுகள் ஆழமானவை. 1932-இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்தது. 1937-இல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டாரை உருவாக்கினார்கள். கிணற்றடியில் மோட்டார் நின்றுபோனால் பயிர் வாடும். நகரத்திலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்க முடியாது. ஆகவே விவசாயியே ஸ்பேனரைக் கையிலெடுத்தார். லேத் பட்டறைகள் பஞ்சாலைகளை மட்டும் நம்பிப் பெருகியவை அல்ல என்பது என் எண்ணம்.

இப்படிப் பழகிய கைகளுக்குத்தான் ஜீப் வந்து சேர்ந்தது. 1940-இல் அமெரிக்க ராணுவம் மாதிரி வண்டியைச் செய்து தர நிறுவனங்களுக்குக் கொடுத்த கெடு 49 நாட்கள். போர்க்களத்தில், எளிய கருவிகளைக் கொண்டு பழுதுபார்க்க வேண்டிய வண்டி அது. போருக்குப் பின் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் பூட்டி விற்றது; பிறகு சிஜே-3பி இங்கேயே தயாரானது. வட்டார வளர்ச்சி அலுவலர், தேயிலைத் தோட்டத்து துரை, தேர்தல் ஒலிபெருக்கி என்று நம் நினைவில் பதிந்திருப்பது அந்த முகம்தான்.

அதன் கியர்ப்பெட்டியில் முன்னோக்கிச் செல்ல மூன்றே கியர்கள். முதல் கியருக்குச் சின்க்ரோ கிடையாது. ஓடும் வண்டியில் அதற்கு இறங்க வேண்டுமானால் கிளட்சை இருமுறை மிதித்தாக வேண்டும். கியர்ப்பெட்டிக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற இரண்டாவது பெட்டி. நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்வது அதுவே. இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஆயில் சீல் தேய்ந்தால் ஒன்றின் எண்ணெய் மற்றொன்றுக்குள் போய்விடும். ஒன்று நிரம்பி வழியும், மற்றொன்று வறண்டு அலறும். ஒரு பெட்டியை மட்டும் சோதிப்பவர் ஏமாறுவார்.

ஆனைமலை அடிவாரத்தில் தென்னந்தோப்பு வைத்திருந்த என் தாய்மாமன் இரண்டையும் சோதிப்பார். பக்கவாட்டு மூடியைத் திறந்து சுண்டுவிரலை உள்ளே விடுவார். விரல் நனைய வேண்டும். எண்ணெயை வடிக்கும்போது முதல் சொட்டுகளை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்ப்பார். சாம்பல்நிறக் குழம்பு என்றால் வழக்கமான தேய்மானம். துணுக்கு நெருடினால் பல் உடைந்திருக்கிறது. பால் கலந்த டீயின் நிறத்தில் இருந்தால் ஓடையைக் கடந்தபோது தண்ணீர் புகுந்துவிட்டது. பின்னாளில் யாரோ உயர்ந்த தர எண்ணெய் என்று ஜிஎல்-5 வாங்கி வந்தபோது அதை ஊற்ற மறுத்தார். அதன் கந்தகச் சேர்மங்கள் பித்தளைச் சின்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும் என்பதை நான் பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்து அறிந்தேன். எண் பெரிதானால் சரக்கும் நல்லது என்று நம்பும் கூட்டத்தில் நானும் ஒருவன்.

டிரான்ஸ்ஃபர் கேஸின் நடுத்தண்டுதான் அந்த வண்டியின் தீராத நோய். போர்க்காலத்தில் முக்கால் அங்குலமாக இருந்த தண்டு, போருக்குப் பின் ஒன்றே அரைக்கால் அங்குலமாகவும், 1950-களில் ஒன்றேகால் அங்குலமாகவும் தடித்தது. தயாரித்தவர்களே தம் பிழையை இருமுறை திருத்தியிருக்கிறார்கள். மாமன் தேய்ந்த தண்டைத் துணியில் சுற்றிப் பேருந்தில் கோவைக்குக் கொண்டுபோவார். பட்டறைக்காரர் வரைபடம் கேட்கவில்லை. தண்டைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நாளான்னிக்கு வாங்க" என்றார்.

அந்தப் பட்டறைக்காரர் எந்த வரலாற்றிலும் இல்லை. அவிநாசி சாலையில் 2015-இல் திறக்கப்பட்ட ஜீடி கார் அருங்காட்சியகத்தில் பழைய கார்கள் பளபளப்பாக நிற்கின்றன. அவசியம் பார்க்க வேண்டிய இடம். ஆனால் வண்டியைக் காப்பாற்றுவது சுலபம், அதைத் திறக்கத் தெரிந்த கையைக் காப்பாற்றுவது அத்தனை சுலபமில்லை. மேதைகளின் வாழ்க்கையை எழுதிய நாம், எண்ணெயைத் தொட்டே நோயறிந்தவர்களிடம் ஒரு பக்கம்கூடக் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. நானும் மாமனிடம் கேட்கவில்லை.

அவர் கழற்றிப்போட்ட பழைய தண்டு ஒன்று தோப்பு ஷெட்டில் இன்னும் கிடக்கிறது. போன முறை போனபோது காலிப்பர் வைத்து அளந்தேன். ஒன்றேகால் அங்குலம். ஊசி பேரிங் உருண்ட இடத்தில் மட்டும் நகம் இடறுகிறது.