ஜிம்மில் விழுந்தவர்களின் சரித்திரம்

ஜிம்முக்குப் போகிறவர்களைப் பற்றி நம்மிடம் கதைகளுக்குப் பஞ்சமே கிடையாது. ட்ரெட்மில்லில் செல்போனைப் பார்த்துக்கொண்டே நடந்து பின்பக்கமாகப் போய் விழுந்தவர், முதல் நாளே ஆர்வக்கோளாறில் அத்தனை மெஷினையும் ஒரு கை பார்த்துவிட்டு மறுநாள் சட்டையைக் கழற்ற வீட்டில் ஆள் கூப்பிட்டவர், பஸ்கி எடுக்கக் குனிந்ததும் பின்னால் 'டர்ர்ர்' என்று சத்தம் கேட்டவர்... ஆபீஸ் கேன்டீனில் தினம் ஒரு கதை ஓடும். கேட்கிற நமக்குச் சிரிப்பு. விழுந்தவருக்கு? பெரும்பாலும் அத்தோடு ஜிம்மும் போச்சு, கட்டின பணமும் போச்சு. முழங்கால் சிராய்ப்பு நாலு நாளில் ஆறிவிடும். நாலு பேர் பார்த்துவிட்டார்களே என்பதுதான் லேசில் ஆறாது.

இந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்ச நாளாகத் துருவிக்கொண்டிருந்தேன். பார்த்தால் இதற்குப் பெரிய சரித்திரமே இருக்கிறது. அதில் நாம் பாடப்புத்தகத்தில் படித்த பெரிய மனிதர்களும் வருகிறார்கள்.

முதலில் வார்த்தையிலிருந்தே தொடங்குவோம். ஜிம்னாசியம் என்பது கிரேக்கச் சொல். 'ஜிம்னோஸ்' என்றால் நிர்வாணம். அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் துணியில்லாமல்தான் பயிற்சி செய்தார்கள், போட்டியிலும் ஓடினார்கள். இந்த வழக்கம் எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். கி.மு. 720 ஒலிம்பிக்கில் மெகாரா ஊர்க்காரர் ஓர்சிப்பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது கோவணம் அவிழ்ந்து விழுந்துவிட்டதாம். மனுஷன் நிற்கவில்லை, ஜெயித்தும்விட்டார். ஏறக்குறைய 900 வருஷம் கழித்து அவர் கல்லறையைப் பார்த்த பௌசானியஸ் என்ற பயண எழுத்தாளர், 'அது தானாக விழுந்திருக்காது, அம்மணமாக ஓடுவது சுலபம் என்று அவரேதான் நழுவ விட்டிருப்பார்' என்ற பொருளில் எழுதி வைத்திருக்கிறார். ஊரே பார்க்கக் கோவணம் அவிழ்ந்தவனைக் கிரேக்கர்கள் கேலி செய்து விரட்டவில்லை. அதையே எல்லோருக்கும் வழக்கமாக்கிக்கொண்டார்கள் :)

அங்கிருந்து ஒரேயடியாக 19ஆம் நூற்றாண்டு இந்தியாவுக்கு வருவோம். ஏனென்றால் 'என் உடம்பு கேவலமாக இருக்கிறது' என்ற எண்ணம் படித்த இந்தியனுக்குள் ஆழமாகப் புகுந்தது அப்போதுதான். அதற்கு முன்பு இங்கே உடற்பயிற்சி இல்லாமல் இல்லை. கோதா இருந்தது, கர்லாக்கட்டை இருந்தது, தண்டால், பஸ்கி எல்லாம் இருந்தன. ஆனால் ஆட்சிக்கு வந்த வெள்ளைக்காரர்கள் ஒரு புதுப் பாடம் நடத்தினார்கள். மெக்காலே 1841இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் பற்றி எழுதிய கட்டுரையில், வங்காளிகளின் உடம்பு பலவீனமானது, பெண்தன்மை கொண்டது என்று ஒரு முழு இனத்தையே தட்டிவிட்டுப் போனார். பலவீனமானவன் ஆளப்பட வேண்டியவன் என்பது அதன் உள்ளர்த்தம். படித்த வங்காளிகளே அதைப் படித்து உள்ளூர நம்பவும் ஆரம்பித்தார்கள் என்பதுதான் கொடுமை.

இந்த அவமானத்துக்குப் பதிலாகக் கல்கத்தாவில் முளைத்தவைதான் தேகப்பயிற்சி சாலைகள். அதில் முக்கியமானவர் நபகோபால் மித்ரா. எதற்கெடுத்தாலும் 'நேஷனல்' என்று பெயர் வைப்பதால் அவருக்கே 'நேஷனல் நபகோபால்' என்று பட்டப்பெயர். 1867இல் இந்து மேளா தொடங்கி அதில் உடற்பயிற்சிக்கும் இடம் கொடுத்தார், சொந்தமாக ஒரு ஜிம்மும் நடத்தினார்.

இந்தக் காலத்தில் வளர்ந்த இரண்டு பையன்களைப் பார்ப்போம். ஒருவர் 1863இல் பிறந்தவர், ஜிம் என்றால் உயிர். இன்னொருவர் 1869இல் பிறந்தவர், ஜிம் என்றாலே ஓட்டம்.

இரண்டாவது பையனை முதலில் சொல்கிறேன். ராஜ்கோட்டில் உயர்நிலைப் பள்ளி மாணவன் மோகன்தாஸ் காந்தி. ஒல்லி, பயந்த சுபாவம். திருடன் பயம், பேய் பயம், பாம்பு பயம், விளக்கில்லாமல் தூக்கம் வராது. பக்கத்தில் ஒரு நண்பன், நன்றாக ஓடுவான், தாண்டுவான். அவன் சொன்ன வைத்தியம் ரொம்ப எளிமை: வெள்ளைக்காரன் கறி சாப்பிடுகிறான், அதனால் பலசாலி, அதனால் நம்மை ஆள்கிறான். நாமும் சாப்பிட்டால் தீர்ந்தது பிரச்சினை! ஆக, ஆற்றோரமாக ஆளில்லாத இடம் தேடிப்போய் ரகசியமாக ரொட்டியும் ஆட்டுக்கறியும். கறி தோல் மாதிரி இருந்ததாம், விழுங்க முடியவில்லை, குமட்டல். அன்று ராத்திரி கண்ணை மூடினால் வயிற்றுக்குள் உயிரோடு ஓர் ஆடு கத்துவது போலிருந்தது என்று பிற்பாடு தன் சுயசரிதையில் எழுதினார். புரோட்டீன் பவுடர் குடித்துவிட்டு ராத்திரி முழுக்க நெளிகிற நம் நண்பர்களுக்கெல்லாம் இவர்தான் முன்னோடி. ஒரு வருஷத்தில் ஐந்தாறு முறை நடந்த இந்த விருந்து, பெற்றோரிடம் பொய் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற உறுத்தலில் நின்றது.

அடுத்து பள்ளிக்கூடத்து ஜிம்னாஸ்டிக்ஸ். தலைமை ஆசிரியர் தோராப்ஜி எதுல்ஜி கிமி மேல் வகுப்புக்காரர்களுக்கு ஜிம்னாஸ்டிக்ஸையும் கிரிக்கெட்டையும் கட்டாயமாக்கினார். மோகன்தாஸுக்கு இரண்டும் ஆகாது. கூச்சம் ஒரு காரணம். நோயாளித் தகப்பனாருக்குப் பணிவிடை செய்ய வீட்டுக்கு ஓட வேண்டும் என்பது இன்னொன்று. விலக்கு கேட்டார், கிடைக்கவில்லை. ஒரு சனிக்கிழமை, காலையில் பள்ளி முடிந்து, சாயங்காலம் 4 மணிக்கு ஜிம்னாஸ்டிக்ஸுக்குத் திரும்பி வர வேண்டும். கையில் கடிகாரம் இல்லை, வானமோ மேகமூட்டம், நேரம் தெரியவில்லை. போய்ச் சேர்ந்தபோது மைதானம் காலி. மறுநாள் விசாரணை. நடந்ததைச் சொன்னார். ஹெட்மாஸ்டர் நம்பவில்லை. ஓரணாவோ இரண்டணாவோ அபராதம்.

காசு பெரிய விஷயமில்லை. பொய் சொன்னான் என்று முத்திரை விழுந்துவிட்டதே என்றுதான் பையன் அழுதான். கடைசியில் அப்பா கடிதம் எழுதிக் கொடுத்து விலக்கு வாங்கினார். கிமி கெட்டவர் இல்லை. நல்ல ஆசிரியர், ஒழுங்குக்காரர், மாணவர்களுக்குப் பிடித்தவர் என்றே காந்தி எழுதுகிறார். உடற்பயிற்சிக்கும் படிப்புக்கும் சம்பந்தமில்லை என்று அப்போது நினைத்தது தன் தவறுதான் என்றும் ஒப்புக்கொள்கிறார். ஆனால் விளைவு என்ன? அந்தப் பையன் ஜிம் பக்கமே திரும்பவில்லை.

இப்போது முதல் பையன். நரேந்திரநாத் தத்தா, பிற்காலத்து விவேகானந்தர். நபகோபால் மித்ராவின் ஜிம்மில் பயிற்சி செய்கிற கூட்டத்தில் ஒருவர். ஒரு நாள் பையன்கள் கூடி ஒரு கனமான ட்ரபீஸை (சர்க்கஸில் தொங்கி ஆடுவார்களே, அந்தக் கம்பிதான்) தூக்கி நிறுத்தப் பார்க்கிறார்கள். முடியவில்லை. வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் ஓர் ஆங்கிலேய மாலுமி. நரேன் அவரை உதவிக்குக் கூப்பிட்டார். அவரும் வந்து கை கொடுத்தார். தூக்கும்போது அது சரிந்து மாலுமியின் மேலேயே விழுந்தது. ஆள் மயக்கம், ரத்தம்.

யோசித்துப் பாருங்கள். வெள்ளைக்காரன் ஆட்சி, ரத்தம் கொட்டிக் கிடப்பவனும் வெள்ளைக்காரன். செத்தே போய்விட்டான் என்று நினைத்து ஏறக்குறைய எல்லோரும் ஓடிவிட்டார்கள். நரேனும் ஓரிரு நண்பர்களும்தான் மிச்சம். நரேன் தன் வேட்டியைக் கிழித்துக் கட்டுப் போட்டார், முகத்தில் தண்ணீர் தெளித்தார், விசிறினார். நினைவு வந்ததும் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப்போய் டாக்டரை வரவழைத்தார். ஒரு வாரம் பார்த்துக்கொண்டு, குணமானதும் நண்பர்களிடம் வசூல் செய்து கையில் கொஞ்சம் பணமும் கொடுத்து அனுப்பினார்கள். அவரது வாழ்க்கை வரலாற்றில் இருக்கிற சம்பவம் இது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. விபத்து இரண்டு இடத்திலும் விபத்துதான். ஒன்றில் கடிகாரம் இல்லை, இன்னொன்றில் கம்பி நழுவியது. வித்தியாசம் பக்கத்தில் நின்றவர்களிடம் இருக்கிறது. ஓர் இடத்தில் தவறியவன் குற்றவாளி ஆனான். இன்னோர் இடத்தில் அடிபட்டவனுக்குக் கட்டுப் போட ஒருத்தன் நின்றான். ஒருவன் உடம்பைத் தேற்றும் முயற்சியில் நிலைப்பானா, விட்டுவிட்டு ஓடுவானா என்பதை அவனுடைய மன உறுதியை விட இதுதான் அதிகம் தீர்மானிக்கிறதோ?

(மோகன்தாஸுக்கு என்ன ஆயிற்று என்றால், திறந்த வெளியில் நடப்பது நல்லது என்று புத்தகத்தில் படித்து நடக்கத் தொடங்கினார். யாரும் பார்த்துச் சிரிக்க முடியாத பயிற்சி. 1930இல், 60 வயதில், சபர்மதியிலிருந்து தண்டிக்கு 240 மைல் சொச்சம் 24 நாளில் நடந்து முடித்தார். அந்த நடையைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.)

சரி, வங்காளத்தின் ஜிம்கள் அப்படியே போய் 1902இல் அனுசீலன் சமிதியில் முடிந்தன. உடற்பயிற்சி, சிலம்பம் என்று ஆரம்பித்த சங்கம் புரட்சி இயக்கமாக மாறியது. அந்த நேரத்தில்தான், 1904-05 வாக்கில், உலகப் புகழ் பெற்ற பலசாலி யூஜின் சாண்டோ இந்தியாவுக்குச் சுற்றுப்பயணம் வந்தார். நம்ம ஊர் சாண்டோ சின்னப்பா தேவருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட சாண்டோ இவர்தான். கை இல்லாத பனியனுக்குச் சாண்டோ பனியன் என்ற பெயரும் இவரால்தான் வந்தது என்பார்கள். கொல்கத்தாவுக்கு நான் வந்த புதிதில் கடைக்காரர் 'சாண்டோ கெஞ்சி' என்றபோது, பனியனுக்கு எதற்குக் கெஞ்ச வேண்டும் என்று முழித்தேன். வங்காளியில் பனியனுக்குப் பெயரே அதுதான்.

அப்பேர்ப்பட்ட சாண்டோவும் மானக்கேட்டுக்கு விலக்கில்லை. 1894இல் சான் பிரான்சிஸ்கோவில் சிங்கத்தோடு மல்யுத்தம் என்று விளம்பரம் செய்து கூட்டம் சேர்த்தார். சிங்கத்துக்கு வாய்ப்பூட்டு, பாதங்களுக்கு உறை. கடைசியில் அந்தச் சிங்கத்துக்குச் சண்டை போடுகிற எண்ணமே இல்லை. பணம் கட்டி வந்தவர்கள் கடுப்போடு வீடு திரும்பினார்கள்.

ஆனால் சாண்டோ ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்தார். ஜிம்முக்குப் போகக் கூச்சப்படுகிறவர்கள்தான் பெரிய சந்தை என்பது. வீட்டிலேயே செய்கிற பயிற்சிக்குப் புத்தகம், ஸ்பிரிங் வைத்த டம்பெல், தபால் வழிப் பாடம் என்று விற்றார். பெங்களூரின் கே.வி. ஐயரும் பின்னாளில் தபாலில் பாடம் நடத்தினார். அமெரிக்காவில் சார்லஸ் அட்லஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். கடற்கரையில் ஒரு தடியன் ஒல்லிப்பிச்சான் முகத்தில் மணலை வாரியடிக்கிறான், கூட இருக்கும் பெண் முன்னால் அவனுக்கு அவமானம், அட்லஸின் பாடத்தை வாங்குகிறான், தடியனைத் திருப்பி அடிக்கிறான். காமிக்ஸ் புத்தகங்களில் பல பத்தாண்டுகள் ஓடிய விளம்பரம் இது. மெக்காலே ஆட்சி நடத்தப் பயன்படுத்திய அதே அவமானத்தை இவர்கள் வியாபாரம் நடத்தப் பயன்படுத்தினார்கள். இன்றைய 'முன்பு - பின்பு' போட்டோக்களும் அந்த வம்சம்தான்.

அடுத்து, விழுவதற்கென்றே செய்தது போல இருக்கும் ட்ரெட்மில். இதன் பூர்வீகம் ஜெயில்! 1818இல் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், சும்மா உட்கார்ந்திருக்கும் கைதிகளுக்காக இதைக் கொண்டுவந்தார். பெரிய உருளை, அதில் படிகள். கைதிகள் மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் எங்கேயும் போய்ச் சேர மாட்டார்கள். சில சிறைகளில் தானியம் அரைத்தது, பல இடங்களில் வெறும் காற்றைத்தான் அரைத்தது. 1895இல் சிறைக்குப் போன எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டும் மிதித்தார். 1898இல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் பிரிட்டனில் இந்தத் தண்டனை வழக்கொழிந்தது.

அதே பெயரில் ஓடும் பட்டையை வைத்து, சியாட்டிலில் ராபர்ட் புரூஸ் என்ற டாக்டர் 1950களிலும் 60களிலும் இதயப் பரிசோதனை முறையை உருவாக்கினார். நம் ஆஸ்பத்திரிகளில் டி.எம்.டி. என்று நடக்க விடுவார்களே, மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டுவார்களே, அது அவர் வகுத்த கணக்குதான். 1968இல் கென்னத் கூப்பர் எழுதிய ஏரோபிக்ஸ் புத்தகத்தைப் படித்துவிட்டு வில்லியம் ஸ்டாப் என்ற பொறியாளர் வீட்டுக்குள் வைக்கிற மாதிரி மலிவான ட்ரெட்மில் செய்தார். அவர் 2012இல் 96 வயதில் காலமானார்.

ஜெயிலை விட்டு வெளியே வந்தாலும் அதன் குணம் ஒன்று மட்டும் மாறவில்லை. வேகத்தை மெஷின் வைத்துக்கொள்கிறது, மனிதன் ஈடு கொடுக்க வேண்டும். தெருவில் நடக்கும்போது யோசனை எங்கோ போனால் கால் தானாக நிற்கும். இதில் நீங்கள் நின்றாலும் தரை நிற்காது. விழுகிறவர்கள் எல்லாம் முட்டாள்கள் இல்லை என்பதற்குத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

முடிக்கும் முன் இன்னொருவர். மனோகர் ஐச், உயரம் 4 அடி 11 அங்குலம். விமானப்படையில் இருந்தபோது ஒரு வெள்ளைக்கார அதிகாரியை அறைந்துவிட்டு ஜெயிலுக்குப் போனார். கருவி ஒன்றும் இல்லாமல் அங்கேயே மணிக்கணக்கில் பயிற்சி செய்து உடம்பை வளர்த்தார். 1951இல் லண்டனில் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டிக்குப் போய் இரண்டாம் இடம். ஊருக்குத் திரும்பாமல் பிரிட்டிஷ் ரயில்வேயில் ஒரு வேலை தேடிக்கொண்டு அங்கேயே தங்கினார். 1952இல் தன் உயரப் பிரிவில் பட்டத்தோடு வந்தார். நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 2016இல் கொல்கத்தாவில் மறைந்தார். பலவீனமான இனம் என்று மெக்காலே எழுதினாரே, அந்த இனத்துக்காரர்.

ஆகவே, அடுத்த முறை ஜிம்மில் யாராவது தொபுக்கடீர் என்று விழுந்தால் சிரிப்பு வரத்தான் செய்யும், அதை ஒன்றும் செய்ய முடியாது. சிரித்து முடித்ததும் போய்க் கை கொடுத்துத் தூக்கிவிடுங்கள். மறுநாளும் அவர் வருவாரா மாட்டாரா என்பது அந்த அரை நிமிஷத்தில்தான் இருக்கிறது. ட்ரெட்மில்லில் ஏறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முன்னால் தொங்கும் அந்தச் சிவப்புக் கயிற்றைச் சட்டையில் மாட்டிக்கொள்ளுங்கள். பின்னால் சறுக்கினால் அது பிடுங்கிக்கொண்டு மெஷினை நிறுத்திவிடும். மாட்டினால் கத்துக்குட்டி என்று நினைப்பார்களே என்று யோசிக்காதீர்கள். கத்துக்குட்டிதானே, அதில் என்ன :)